கியூவை ஒழித்தவருக்கு 17 வீதம்: நன்றிகெட்டதனமா, நியாயமா?

வெள்ளவத்தைக் கணக்கன் | 23 செப்டம்பர் 2024, இரவு 9.40

ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்து ஒரு நாள் போய்விட்டது. காலையில் அநுரகுமார பதவியேற்றதையும் பார்த்தாயிற்று. அவருக்கு வாழ்த்துகள். ஆனால் ஒரு கேள்வி தொண்டைக்குள் முள்ளாக நிற்கிறது. இங்கே இறக்கி வைக்கிறேன், நாலு பேர் திட்டினாலும் பரவாயில்லை.

2022 ஜூனில் பம்பலப்பிட்டியில் ஒரு பெற்றோல் செட்டுக்கு வெளியே இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தேன். மூன்றாம் நாள் பவுசர் வந்தது. எனக்கு முன்னால் ஏழு வாகனம் நிற்கும்போது 'முடிஞ்சுது' என்று கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். வீட்டில் கேஸ் இல்லை. ஐந்தாம் மாடி பிளாட்டின் பல்கனியில் மூன்று செங்கல் வைத்து, பழைய கட்டில் சட்டத்தை உடைத்து எரித்துத்தான் மனைவி சோறு ஆக்கினாள். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9.

ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடிய பிறகு, பாராளுமன்றத்தில் 134 வாக்கோடு ஜனாதிபதியாகி அந்தக் குழிக்குள் இறங்கியவர் ரணில். அடுத்த செப்டம்பரில் பணவீக்கம் 1.3. 365 வரை போன டொலர் 300க்கு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் திட்டம். வாக்களிப்புக்கு இரண்டே நாள் முன்னால், 19ஆம் திகதி, நாட்டுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுப் பிணைமுறிக்காரரோடு 12.5 பில்லியன் டொலருக்கு உடன்பாடு.

கிடைத்தது என்ன? 17.27 வீதம். பிரதமர் பதவி வாசலில் வந்து நின்றபோது நிபந்தனை போட்டுத் தட்டிக்கழித்த சஜித்துக்கு 32.76. அதே பாராளுமன்றத்தில் அன்று 3 வாக்கு வாங்கிய அநுரவுக்கு 42.31. நெருக்கடியைச் சமாளித்தது வாக்காக மாறாது என்றால் அடுத்த முறை எவன் வந்து கையைச் சுட்டுக்கொள்வான்?

வத்தளை வாணி | 23 செப்டம்பர், இரவு 10.15

அண்ணா, முதல்ல ஒரு விசயம். அவருக்கு கேஸ் சிலிண்டரைச் சின்னமா வைக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? எங்கட பெக்டரியில அந்த போஸ்டரைப் பாத்து ஒரு கிழமை சிரிச்சோம்.

அவர் நினைச்சிருப்பார், சிலிண்டரைக் கண்டா சனத்துக்கு கியூ இல்லாமப் போனது ஞாபகம் வரும் எண்டு. எங்களுக்கு ஞாபகம் வந்தது விலை. 12.5 கிலோ சிலிண்டர் பிரச்சினைக்கு முந்தி 1,500 ரூபா அளவில. உச்சத்தில 4,900ஐத் தாண்டிச்சு. இப்ப 3,690. போன ஜனவரியில இருந்து அந்தச் சிலிண்டருக்கே 18 வீதம் வற் வரி வேற. சின்னத்துக்கே வரி போட்ட வேட்பாளரை நான் இப்பத்தான் பாக்கிறன்.

பணவீக்கம் 1.3க்கு வந்தது எண்டா விலை இறங்கினது எண்டு அர்த்தமில்லை, ஏறுற வேகம் குறைஞ்சது அவ்வளவுதான். நீங்க கணக்கன், உங்களுக்கு நான் சொல்லவா? விலை மாடியில போய் உக்காந்திட்டுது. எங்கட சம்பளம் இன்னும் கீழ செருப்புக் கழட்டிக்கொண்டு நிக்குது.

வெள்ளவத்தைக் கணக்கன் | 23 செப்டம்பர், இரவு 10.31

வாணி, செருப்பு உவமை நல்லாயிருக்கு. ஆனால் அந்த விலையை மாடிக்கு ஏற்றியது யார்? 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8க்கு வெட்டி, அரசாங்கத்தின் கல்லாப்பெட்டியைக் காலியாக்கியது கோட்டாபய. 2021 ஏப்ரலில் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தைத் தடை செய்து வயலைப் படுக்கவைத்ததும் அவர்தான். டொலரை 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்ததால் வெளிநாட்டுக் காசெல்லாம் வங்கியை விட்டு உண்டியல் என்ற கள்ளப் பணமாற்றுக்குப் போனது. 2022 ஏப்ரல் 12இல் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தபோது ரணில் வெறும் எம்.பி. மற்றவன் கொளுத்திய வீட்டை அணைத்தவனிடம் ஏன் பாய் நனைந்தது என்று கேட்கிறீர்கள்.

எனக்கும்தான் 36 வீத வருமான வரி அடித்தது. அதைத் தாங்கிக்கொண்டுதான் அவருக்குப் போட்டேன்.

வத்தளை வாணி | 23 செப்டம்பர், இரவு 10.44

கொளுத்தினவங்களோட கட்சிதானே அண்ணா அவருக்கு 134 போட்டது! பதவி ஏற்ற மறுநாள் விடியமுந்தி காலிமுகத்திடல் போராட்டக்காரரிட்ட ஆமியை அனுப்பினது எந்த நெருப்பை அணைக்க? கலியாணம் அவங்கட. பந்தியில முதல்ல இருந்ததும் அவங்க. எச்சில் இலை எடுக்க மட்டும் எங்களைக் கூப்பிட்டார். எடுத்தோம். அதுக்கு நாங்க நன்றி வேற சொல்லணுமா?

மயிலாப்பூர் மணி | 24 செப்டம்பர், காலை 7.20

வெளியூர்க்காரன் தலையிடுறேன், மன்னிக்கணும். கணக்கன் சார் கேட்ட கேள்வி எங்க ஊருக்குப் பழசு. 1991ல நாங்க 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகள்ல அடகு வச்ச நாடு. சில வாரத்து இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. நரசிம்ம ராவ் வந்தார், மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கினார், நிமிர்த்தினாங்க. 1996 தேர்தல்ல காங்கிரசுக்கு 140 இடம். ஆட்சி போச்சு.

அதோட தமிழ்நாட்டுல நடந்ததைக் கேளுங்க. 39 தொகுதியில காங்கிரசுக்கு ஒண்ணுகூட இல்ல. பொருளாதாரம்னா நினைக்கிறீங்க? ஒரு டீக்கடையில ஒருத்தன்கூட அதைப் பேசல. 1995ல நடந்த ஜெயலலிதாவோட வளர்ப்பு மகன் கல்யாண ஆடம்பரம்தான் ஊர் பூரா பேச்சு. அந்த அம்மாவோடயே ராவ் கூட்டணி வச்சார், மூப்பனார் கட்சியை உடைச்சுக்கிட்டு சைக்கிள் சின்னத்துல நின்னார், தி.மு.க.வோட சேர்ந்து அள்ளிட்டுப் போனாங்க. நாட்டைக் காப்பாத்தினவர் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னுதான் ஜனங்க பார்த்தாங்க. வாணிம்மா சொல்றதும் அதைத்தானே?

கோப்பாய்க் கமக்காரன் | 24 செப்டம்பர், இரவு 8.05

தம்பிமார், பிள்ளையள், எனக்கு வயது 73. ஆறு பரப்புச் செம்மண் தோட்டம். நான் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோ.

சிறிமா அம்மாவின்ர காலம், 70இலை இருந்து 77. தெற்கிலை பாணுக்கு விடியக் காலமை கியூ. சனம் மரவள்ளியைத் திண்டு சீவிச்சுது. வெளியிலை இருந்து மிளகாயும் வெங்காயமும் வரக்கூடாது எண்டு மறிச்சுப்போட்டா. எங்களுக்கு அடிச்சுது பாருங்கோ யோகம்! செத்தல் மிளகாயை றோட்டு முழுக்கக் காயவிட்டம். ஓட்டு வீடு கல்வீடாகினது, பொம்பிளைப் பிள்ளையளுக்கு நகை ஏறினது எல்லாம் அந்தக் காசு. நான் கலியாணம் கட்டினதே 75இலை ஒரு வெங்காயப் போகத்திலை. ஒரே அரசாங்கம், ஒரே கொள்கை, அங்காலை பட்டினி, இஞ்சாலை பொன்.

77இலை என்ன நடந்தது? அவவின்ர கட்சிக்கு 168இலை 8 சீற். ஜே.ஆருக்கு 140. யாழ்ப்பாணத்திலை காசு பாத்த நாங்களாவது அவவுக்குப் போட்டமோ? இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குத்தான் போட்டம். எங்கட பிள்ளையளைக் கம்பஸுக்கு விடாமல் தரப்படுத்தல் கொண்டு வந்தவ அவதானே. பேந்து ஜே.ஆர். கதவைத் திறந்துவிட, இறக்குமதி வெங்காயம் வந்து எங்கட விலை விழுந்தது வேறை கதை.

இப்ப ரணிலுக்கு வருவம். 2022 ஓகஸ்ட். மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாய். ஒரே இரவிலை 340. என்ர இறைப்பு மிசின் மண்ணெண்ணெயிலைதான் ஓடுது. அந்த வரியம் நாலு பரப்பைச் சும்மா விட்டன், புல்லு முளைச்சுது. கடற்கரைப் பக்கத்தார் வள்ளத்தைக் கவிட்டு வைச்சிருந்தவை. ஏத்தத்தான் வேணும், இல்லாட்டிக் கப்பல் வராது எண்டு அவர் சொன்னதிலை நியாயம் இருக்கலாம். ஏத்தமுந்தி ஆரையேன் ஒரு கமக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டவரோ?

ரொறன்ரோ ராசன் | 24 செப்டம்பர், இரவு 11.50

ஐயா எழுதினது அருமை. நான் இஞ்சை பக்கத்து நாடான அமெரிக்காவிலை பாத்த ஒண்டைச் சொல்லுறன். 2008 செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் விழுந்த நாள். அண்டைக்கு ஆளுங்கட்சி ஜனாதிபதி வேட்பாளர் மக்கேய்ன் மேடையிலை ஏறி, எங்கட பொருளாதாரத்தின்ர அத்திவாரம் பலமாத்தான் இருக்கு எண்டார். ஒன்பது நாளாலை, பிரசாரத்தை நிப்பாட்டிப்போட்டு வாஷிங்டன் போறன், விவாதத்தையும் தள்ளி வையுங்கோ எண்டார். பேந்து 26ஆம் திகதி விவாதத்துக்கு வந்து நிண்டார். 29ஆம் திகதி வங்கி மீட்புச் சட்டம் சபையிலை தோத்தது, அவரின்ர கட்சிக்காரரே கனபேர் எதிர்த்துப் போட்டவை.

ஒபாமா என்ன செய்தவர்? பெரிசா ஒண்டுமில்லை. பதறாமல் நிண்டார். ஆளுங்கட்சி அவரின்ரை இல்லை, அது போதும். நெருக்கடியிலை ஓடித்திரிஞ்ச ஆளை விட சும்மா நிண்ட ஆள்தான் வெண்டது. அநுரவுக்கும் அதுதான் நடந்தது. எங்கட சனம் கொஞ்சம் பொறுத்து ரணிலுக்கு இன்னொரு ஐஞ்சு வருசம் குடுத்திருக்கலாம்.

ஹட்டன் டீச்சர் | 25 செப்டம்பர், மாலை 5.30

"கொஞ்சம் பொறுத்து"ன்னு டொரண்டோவுல இருந்து எழுதுறது ரொம்ப லேசு ராசன் அண்ணா.

எங்க அம்மா 32 வருசம் கொழுந்து எடுத்தவங்க. 2022ல ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலி, 1,000 ரூபா. கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், 500. அந்த நேரம் கோதுமை மா கிலோ 400 ரூபா கிட்டப் போச்சு. முழுப்பேர் போட்டாலே ரெண்டரைக் கிலோ மாவு. எங்க வீட்டுல அஞ்சு பேர். காலையில ரொட்டி, ராத்திரிக்கும் ரொட்டி. அம்மா ரொட்டியை மெலிசாத் தட்டப் பழகினாங்க. இப்ப மாவு விலை குறைஞ்சும் அவங்க கை அந்த மெலிசுலயே நிக்குது. தடிப்பாச் சுடுங்கம்மான்னா, "இருக்கட்டும்"ங்கிறாங்க.

2024 மே தினத்துல கொட்டகலை மேடையில ரணில் ஐயா வந்து 1,700 ரூபான்னு அறிவிச்சாரு. பட்டாசெல்லாம் வெடிச்சோம். கம்பனிகாரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, தடை வந்துச்சு. எலக்சனுக்குப் பத்து நாள் இருக்கப்போ 1,350ன்னு முடிஞ்சுது, மிச்சம் 350 கூடுதல் கொழுந்துக்கு. எங்க லயத்துல ஒரு பாட்டி கேட்டதை அப்படியே எழுதுறேன்: "மாவு நானூறு வித்தப்ப இந்த ஆயிரத்தி எழுநூறு எங்க போயிருந்துச்சு?"

வெள்ளவத்தைக் கணக்கன் | 25 செப்டம்பர், இரவு 9.10

டீச்சர், உங்கள் அம்மாவின் ரொட்டிக்கு முன்னால் என் பல்கனி அடுப்பு ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நுவரெலியா மாவட்ட முடிவைப் பாருங்கள். சஜித்துக்கு முதலிடம், சரி. ரணிலுக்கு 29 வீதம். நாடு முழுவதும் வாங்கியதை விட அங்கே அதிகம். தோட்டத்து மக்களே அவரை முழுதாகக் கைவிடவில்லை.

கமக்கார ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 87 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் விற்றது பொய் விலை ஐயா. ஒவ்வொரு லீற்றரிலும் நட்டம். அந்த நட்டத்தை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். அதை வெளியில் சொல்லி விலையை ஏற்ற அவருக்குத் துணிவு இருந்தது. இனி ஒருவனுக்கும் அந்தத் துணிவு வராது. கியூ இல்லாத நாட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வத்தளை வாணி | 25 செப்டம்பர், இரவு 9.22

கியூ இல்லாத நாடா? போன மாசம் பத்தரமுல்லைப் பக்கம் போகலையா அண்ணா? பாஸ்போட் எடுக்க இரவிரவாச் சனம் றோட்டுல படுத்துக் கிடந்துச்சு, அடிக்கப் புத்தகம் போதாதாம். பெற்றோல் கியூவில நிண்டவன்தான் நாட்டை விட்டுப் போற கியூவுக்கு மாறினான்.

துணிவு எண்டு சொன்னீங்க. அதையும் பேசுவோம். 2023 ஜூலையில உள்நாட்டுக் கடனை மறுசீரமைச்சாங்க. எங்கட ஊழியர் சேமலாப நிதி, அதான் ஈபிஎஃப், காசில வாங்கின திறைசேரிப் பிணைமுறிக்கு வட்டியைக் குறைச்சாங்க, 2026ல இருந்து 9 வீதம். வங்கிக்காரங்கட பிணைமுறியில கை வைக்கல. நான் பதினாலு வருசம் மெசின்ல உக்காந்து சேத்த காசு. கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு. பலம் இல்லாதவன்ட சட்டைப்பையில கை விடுறதுக்குப் பேர் துணிவா?

வெள்ளவத்தைக் கணக்கன் | 25 செப்டம்பர், இரவு 9.50

வங்கியில் கை வைத்திருந்தால் அடுத்த நாள் காலையில் வங்கி வாசலில் கியூ நின்றிருக்கும், உங்கள் சேமிப்புப் புத்தகமும் சேர்த்துப் போயிருக்கும். வங்கிகள் ஏற்கெனவே இலாபத்தில் பாதிக்கு மேல் வரியாகக் கட்டுகின்றன. ஈபிஎஃப் முதலில் ஒரு சதமும் குறையவில்லை. 9 வீதமாவது வரும் என்று உறுதியும் கொடுத்தார்கள்.

பணவீக்கம் 70 இருந்த வருடத்தில் அந்த 9 எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரொறன்ரோ ராசன் | 25 செப்டம்பர், இரவு 11.35

வாணி தங்கச்சி, டீச்சர், கோபம் விளங்குது. ஆனா உணர்ச்சியிலை வோட்டுப் போட்டா

[மட்டுறுத்துநர்: இந்தப் பதிவின் மிச்சமும் அதற்கு வந்த இரண்டு பதில்களும் நீக்கப்பட்டன. யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை வைத்துச் சண்டை வேண்டாம். இழை தொடரலாம்.]

மயிலாப்பூர் மணி | 26 செப்டம்பர், காலை 6.55

ராத்திரி பூரா உங்க தேர்தல் எண்களைப் புரட்டிட்டிருந்தேன். ஒரு சந்தேகம். எல்லாரும் 17 வீதம் தோல்வின்னே பேசுறீங்களே, எதோட ஒப்பிட்டு?

2020 பாராளுமன்றத் தேர்தல்ல ரணில் கட்சிக்கு நாடு முழுக்க 2 லட்சத்து 49 ஆயிரம் ஓட்டு. 2.15 வீதம். அவரே கொழும்புல தோத்துப் போய், ஒரே ஒரு தேசியப்பட்டியல் இடத்தை வச்சு அடுத்த வருஷம் சபைக்குள்ள வந்தவர். அவருக்கு இப்ப 22 லட்சத்து 99 ஆயிரம். நாலு வருஷத்துல ஒம்பது மடங்கு. ராஜபக்ச கட்சி எம்.பி.க்கள் பலர் அவர் பக்கம் நின்னாங்க, அதனால கொஞ்சம் வந்திருக்கும்னு வச்சுக்கிட்டாலும், நெருக்கடியைச் சமாளிச்சதுக்குக் கூலி கிடைச்சிருக்கு சார். ஆரம்பிச்ச இடம்தான் பூஜ்யம்.

இன்னொரு பக்கம் பாருங்க. 2020ல ராஜபக்ச கட்சிக்கு 68 லட்சம் ஓட்டு. இப்ப நாமலுக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். மிச்சம் 65 லட்சம் பேர் எங்க போனாங்க? அநுர 2019ல வாங்கினது 4 லட்சத்துச் சொச்சம், இப்ப 56 லட்சம். தீ வச்சவங்களுக்கு ஓட்டுப் போட்ட கூட்டம்தான் பெரும்பாலும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கு. அவங்க அணைச்சவரையும் தேடல, பக்கத்துல நின்னு பார்த்தவரையும் தேடல. அந்த வீட்டுக்குள்ள ஒரு நாளும் குடியிருக்காத ஆளைத் தேடியிருக்காங்க. ரணில் ஆறு தடவை பிரதமரா இருந்தவராச்சே.

வெள்ளவத்தைக் கணக்கன் | 26 செப்டம்பர், காலை 8.10

மணி சார், நான் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். ஆரம்ப மீதியைப் பார்க்காமல் இறுதி மீதியை மட்டும் பார்த்துவிட்டு அழுதிருக்கிறேன். அலுவலகத்தில் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 20 இலட்சம் வாக்குக் கூலி வெல்லப் போதவில்லையே. எவ்வளவு செய்திருந்தால் போதும்?

ஹட்டன் டீச்சர் | 26 செப்டம்பர், மாலை 4.45

எவ்வளவு செஞ்சாருங்கிறது இல்ல சார், எங்களோட பேசினாரா? 2023 மார்ச்ல உள்ளூராட்சித் தேர்தல் வைக்கணும். காசில்லைன்னு தள்ளிப் போட்டாங்க. போன மாசம்தான் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல்னு தீர்ப்புச் சொல்லிச்சு. சனங்க கோபத்தைச் சின்னத் தேர்தல்ல கொட்டியிருப்பாங்க, அவருக்கும் எங்க தப்புன்னு தெரிஞ்சிருக்கும். அந்த வாசலை அவரே சாத்திட்டாரு. எல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல, செப்டம்பர் 21ல கொட்டிச்சு.

நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. அம்மா மட்டும் சிலிண்டருக்குத்தான் போட்டாங்க. கேட்டா, "மாவு குறைஞ்சுதுல்ல"ன்னாங்க. அவங்க ரொட்டியைப் பத்தி நான் அவ்வளவு எழுதினேன். அவங்க கணக்கு வேற.

கோப்பாய்க் கமக்காரன் | 26 செப்டம்பர், இரவு 7.30

பிள்ளை, உங்கட அம்மா என்னைவிட நேர்மையான ஆள். நான் காசு பாத்தும் சிறிமாவுக்குப் போடாதவன், இப்ப புல்லு முளைக்க விட்டதுக்காக ரணிலுக்கும் போடேல்லை. யாழ்ப்பாணத்திலை சஜித்துக்கு முதலிடம், நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்திலை தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன்ர சங்குச் சின்னம், மூண்டாவதா ரணில். சங்குக்குப் போட்டது ஒரு லச்சத்துக்கு மேலை. அவையள் ஒருத்தரும் மண்ணெண்ணெயை யோசிச்சுப் போட்டவை இல்லை. 2005இலை வாக்குப் போடாமல் இருந்து ரணிலைக் கவிட்டதும் நாங்கள்தானே. பொருளாதாரம் எண்டு தொடங்கின கதை எங்கட பக்கம் வரேக்கை வேறை ஒழுங்கையாலை போயிடும்.

வத்தளை வாணி | 16 நவம்பர் 2024, காலை 10.05

இழையை எழுப்பிறன். பாராளுமன்றத் தேர்தல் முடிவு பாத்தீங்களா? அநுரட கட்சிக்கு 225ல 159! யாழ்ப்பாணத்தில ஆறு சீட்டில மூண்டு அவங்கட திசைகாட்டிச் சின்னத்துக்கு. கமக்கார ஐயா, எந்த ஒழுங்கையால போச்சு கதை?

கோப்பாய்க் கமக்காரன் | 16 நவம்பர், மாலை 6.20

செப்டம்பரிலை அநுரவுக்கு இஞ்சை 7 வீதம். இரண்டு மாதத்திலை 80 ஆயிரம் வாக்கு. எங்கட தலைவர்மார் ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சின்னம் எண்டு பிரிஞ்சு நிண்டவை, சனம் அலுத்துப்போச்சுது. என்ர பேரன் திசைகாட்டிக்குப் போட்டிட்டு வந்து என்ர முகத்தைப் பாக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

வெள்ளவத்தைக் கணக்கன் | 22 டிசம்பர் 2024, இரவு 9.15

நான்தான், மறுபடியும். பிணைமுறிப் பரிமாற்றம் இந்தக் கிழமை முடிந்தது. செப்டம்பர் 19இல் ரணிலின் ஆட்கள் பேசி வைத்த அதே நிபந்தனைகள். புதிய அரசாங்கம் ஒக்டோபரிலேயே அதை ஏற்றுக்கொண்டது. நாணய நிதியத் திட்டமும் அப்படியே ஓடுகிறது. 18 வீத வற் வரியும் இருக்கிறது. ஆள் மாறினார், கோப்பு மாறவில்லை. வாணி, இப்போது சொல்லுங்கள்.

வத்தளை வாணி | 22 டிசம்பர், இரவு 9.40

சொல்றன். அதே பில்லை இவங்க கொண்டு வந்தாலும் நான் கேப்பன், யார் சாப்பிட்டது எண்டு. ரணில் அந்த மேசைக்காரரோட உக்காந்திருந்ததால கேக்கிறதில பிரயோசனம் இருக்கல. இவங்க இன்னும் உக்காரல. உக்காந்தா 2029ல பாத்துக்கொள்றன். ஆனா நிபந்தனை மாறாதது எனக்கும் கசப்புத்தான். பொய் சொல்ல மாட்டன்.

வெள்ளவத்தைக் கணக்கன் | 22 டிசம்பர், இரவு 9.48

2029இல் இதே இழையில் சந்திப்போம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

கோப்பாய்க் கமக்காரன் | 23 டிசம்பர், காலை 6.10

2029இலை எனக்கு 78. இருந்தால் வாறன்.

அது கிடக்கட்டும். நாட்டரிசிக்கு 230 எண்டு கட்டுப்பாட்டு விலை போட்டிருக்கினம். எங்கட சந்தியிலை மூண்டு கடை ஏறி இறங்கிப்போட்டன், ஒரு மணி இல்லை. நாலாவது கடையிலை இருக்காம், ஆனா சனம் வரிசையிலை நிக்குதாம். பேரனைக் கொண்டு போய் நிப்பாட்டியிருக்கிறன். வேறை எங்கையேன் கிடைக்குதெண்டால் ஆராவது சொல்லுங்கோ, பொடியன் விடியவே போனவன், இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை.